மைனஸ் முப்பதுல வண்டிய சீக்கிரம் சூடாக்குறது: தெர்மோஸ்டாட், ப்ளாக் ஹீட்டர், ஒரு அட்டை

கனடால ஆல்பர்ட்டா மாகாணத்துல இருக்குற எங்க எட்மண்டன்ல குளிர்காலம் நவம்பர்ல ஆரம்பிச்சா மார்ச் தாண்டியும் இழுக்கும், அதுலயும் ஜனவரி பக்கம் ஒரு வாரம் பத்து நாள் மைனஸ் 30-க்குக் கீழ போய் உக்காந்துக்கும். அந்த நேரத்துல வண்டி ஸ்டார்ட் ஆகுறது ஒரு பிரச்சனை, ஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் உள்ள சூடு வர்றது வேற பிரச்சனை, இது ரெண்டையும் நம்மாளுங்க ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டு, பேட்டரிய மாத்தினேன் அப்பவும் ஹீட்டர் வேலை செய்யலன்னு புலம்புவாங்க. என்னோடது பழைய ஜப்பான் செடான், 1.8 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஸ்டார்ட்டிங்ல குறையே சொல்ல முடியாது, ஆனா ஆபீஸ் போய்ச் சேர்ற வரைக்கும் ஹீட்டர்ல வர்றது வெதுவெதுன்னுகூட இல்லாத காத்து, கண்ணாடி ஓரத்துல பனி அப்படியே நிக்கும், நான் க்ளவுஸ் போட்ட கையோட ஸ்டியரிங்க பிடிச்சுக்கிட்டு போவேன்.

யார்கிட்ட கேட்டாலும் சொன்ன ஒரே பதில், இருபது நிமிஷம் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி விட்டுடுங்க. ரிமோட் ஸ்டார்ட்டர் போட்டுக்கோங்கன்னாங்க. இங்கதான் எனக்கு முதல் சந்தேகம், ஏன்னா நான் அப்படித்தான் பண்ணிக்கிட்டிருந்தேன், பெரிசா ஒண்ணும் ஆகல.

சும்மா தோராயமா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. எஞ்சின் அலுமினியமும் இரும்பும் சேத்து நூறு கிலோ சொச்சம், எஞ்சின் சூட்ட சுமந்துக்கிட்டு சுத்துற திரவம், அதான் கூலன்ட், ஒரு ஆறு லிட்டர். இத மைனஸ் 30-ல இருந்து ப்ளஸ் 80-க்கு கொண்டு போகணும்னா கிட்டத்தட்ட 12 மெகாஜூல் சூடு உள்ள போகணும். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32, 33 மெகாஜூல் இருக்கு, அதுல மூணுல ஒரு பங்குதான் கூலன்ட் பக்கம் போகும், ஒரு பங்கு சைலன்சர் வழியா வெளிய. இந்த சைஸ் எஞ்சின் ஐட்லிங்ல, அதாவது நின்ன இடத்துல சும்மா ஓடும்போது, மணிக்கு ஒரு லிட்டர் பக்கம்தான் குடிக்கும். அப்ப நின்ன இடத்துலயே முழு சூடு வரணும்னா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவும் வெளிய போற சூட்ட கணக்குல எடுக்காம. அதே வண்டி மெதுவா ரோட்டுல ஓடினா மூணு நாலு மடங்கு பெட்ரோல் எரியும், மூணு நாலு மடங்கு வேகமா சூடாகும். அதனால நிறுத்தி வச்சு உறுமவிட்டு சூடாக்குறதுதான் இருக்குறதுலயே மெதுவான வழி. கனடா இயற்கை வளத்துறை சொல்ற கணக்குப்படி மூணு லிட்டர் எஞ்சின் பத்து நிமிஷம் சும்மா ஓடினாலே 300 மில்லி பெட்ரோல் காலி.

சரி, நம்ம வண்டில நெசமாவே என்ன நடக்குதுன்னு பாக்கணும்ல, டேஷ்போர்டுல இருக்குற முள்ள நம்பி பிரயோஜனம் இல்ல. நிறைய வண்டில அது 75-ல இருந்து 100 வரைக்கும் நடுவுலயே நிக்குற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க, சிலதுல முள்ளே கிடையாது, நீல லைட் ஒண்ணு எரிஞ்சு அணையும் அவ்வளவுதான். வண்டி கம்ப்யூட்டர்ல இருக்குறத போனுக்கு அனுப்புற சின்ன ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஒண்ணு வாங்கி ஸ்டியரிங்குக்கு கீழ இருக்குற போர்ட்ல சொருகிட்டு போன்ல ஆப் போட்டுட்டா கூலன்ட் டெம்பரேச்சர் டிகிரி கணக்குல அப்படியே தெரியும். இந்த வேலைக்கு நான் செலவு பண்ணதுலயே உருப்படியான செலவு இதுதான்.

வெளிய மைனஸ் 27. இருபது நிமிஷம் ஐட்லிங்குக்கு அப்புறம் கூலன்ட் 38 டிகிரி. சரி மெதுவாதான் ஏறும்னு ஏற்கெனவே கணக்கு போட்டாச்சு, அதுல ஆச்சரியம் இல்ல. ஊருக்குள்ள ஓட்டும்போது மெதுவா 63, 64 வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் ஆந்தனி ஹென்டே ரிங் ரோட்டுல ஏறி நூறுல போக ஆரம்பிச்சதும் டெம்பரேச்சர் ஏறுறதுக்கு பதிலா இறங்குது. 60, 57, 54. வண்டி வேகமா போனா எஞ்சின் அதிக சூடு தரும், ஆனா இங்க குறையுதுன்னா அந்த சூட்ட ரேடியேட்டர் முழுசா வெளிய தள்ளிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். எஞ்சின் நல்லா சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்கு கூலன்ட் போகவே கூடாது. அத தடுக்குறது தெர்மோஸ்டாட்.

தெர்மோஸ்டாட் தெரியாதவங்களுக்கு: உள்ளங்கைல அடங்குற ஒரு வால்வு, நடுவுல மெழுகு அடைச்ச ஒரு சின்ன குப்பி. மெழுகு உருகி விரியும்போது வால்வ தள்ளித் திறக்கும், ஆறினா ஸ்பிரிங் மூடிடும். வண்டியப் பொறுத்து 82, 88 டிகிரி பக்கம் திறக்க ஆரம்பிக்கும். அதுவரைக்கும் கூலன்ட் எஞ்சினுக்குள்ளயும், வண்டிக்குள்ள வர்ற காத்த சூடாக்குற ஹீட்டர் கோர்லயும் மட்டும்தான் சுத்தணும். இது மூடினபடியே மாட்டிக்கிச்சுன்னா வண்டி ஓவர்ஹீட் ஆகும், உடனே தெரிஞ்சுடும். திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னா வெயில் ஊர்ல வருஷக்கணக்கா யாருக்கும் தெரியவே தெரியாது, இங்க குளிர்ல கதவ திறந்து வச்சுட்டு ரூம் ஹீட்டர் போட்ட கதைதான்.

ஒண்ணையும் கழட்டாம கன்ஃபர்ம் பண்ண ஒரு வழி இருக்கு. எஞ்சின் முழுசா ஆறின நிலைல ஸ்டார்ட் பண்ணிட்டு ரேடியேட்டரோட மேல் ஹோஸ்ல கைய வைங்க. தெர்மோஸ்டாட் ஒழுங்கா மூடியிருந்தா எஞ்சின் நல்லா சூடாகுற வரைக்கும் அந்த ஹோஸ் ஜில்லுன்னே இருக்கும், அப்புறம் ஒரு கட்டத்துல திடீர்னு சுடும். எனக்கு ரெண்டு மூணு நிமிஷத்துலயே லேசா வெதுவெதுப்பு வர ஆரம்பிச்சுடுச்சு, எஞ்சினோட சேந்தே ஏறுது. கைய ஃபேன் பக்கம் கொண்டு போகாதீங்க, அது எப்ப சுத்த ஆரம்பிக்கும்னு அதுக்கே தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு செக் எஞ்சின் லைட்டும் வந்துச்சு, டாங்கிள்ல படிச்சா பி0128. கூலன்ட் வர வேண்டிய சூட்டுக்கு வரலங்குற கோடு. கோடு வந்துட்டாலே தெர்மோஸ்டாட்தான்னு முடிவு கட்ட முடியாது, கூலன்ட் லெவல் குறைஞ்சாலும் சென்சார் தப்பா சொன்னாலும் அதே கோடு வரும், ஆனா ஹோஸ் சூடும் ஹைவேல இறங்குற டெம்பரேச்சரும் சேந்தா வேற சந்தேகமே வேணாம்.

புது தெர்மோஸ்டாட்டும் ரப்பர் கேஸ்கெட்டும் வாங்கினேன். மாட்டுறதுக்கு முன்னாடி அடுப்புல ஒரு சோதனை, இத மட்டும் விடாதீங்க, ஏன்னா புதுசே கெட்டுப்போய் வர்றது உண்டு, மாட்டி கூலன்ட் ஊத்தி எல்லாம் முடிச்சப்புறம் திரும்ப கழட்டுறது கொடுமை. வால்வ விரலால அமுக்கி லேசா திறந்து அதுக்குள்ள ஒரு நூல சொருகி விட்டா, மூடும்போது நூல கவ்விக்கும். அந்த நூல்ல தெர்மோஸ்டாட்ட தொங்க விட்டு, அடில படாம தண்ணில முங்க வச்சு, பக்கத்துல சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு. அடுப்ப சின்னதா வச்சு மெதுவா சூடேத்தணும். 80 தாண்டி கொஞ்ச நேரத்துல நூல் வழுக்கி தெர்மோஸ்டாட் பாத்திரத்து அடில டங்குனு விழுந்துச்சு, பாத்தா 82. டப்பால போட்டிருக்குற நம்பரும் அதான். பழசுக்கு இந்த சோதனையே தேவைப்படல, கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாலே வால்வுக்கும் ஓரத்துக்கும் நடுவுல பிறை மாதிரி ஒரு இடுக்கு, நகம் உள்ள போகுது, ஒரு பக்கம் சாஞ்சு மாட்டியிருக்கு. பழச சமையல் பாத்திரத்துல போட்டுடாதீங்க, அதுல ஒட்டியிருக்குற கூலன்ட்ல இருக்குற எத்திலீன் க்ளைக்கால் விஷம். புதுச கொதிக்க வச்ச பாத்திரத்தையே எங்க வீட்டம்மா இன்னும் சேத்துக்கல.

மாட்டுற வேலை பெரிசா ஒண்ணும் இல்ல. எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும், ரேடியேட்டர் மூடிய சூட்டோட திறந்தா மூஞ்சில அடிக்கும். கீழ ஒரு ட்ரே வச்சு ரேடியேட்டர் அடி ப்ளக்க லூஸ் பண்ணி கூலன்ட் கொஞ்சம் இறக்கிக்கிட்டேன், ஹோஸ் கிளாம்ப தள்ளிட்டு தெர்மோஸ்டாட் ஹவுசிங்குல ரெண்டு நட்டு, கழட்டி பழச எடுத்து, உக்கார்ற இடத்த துணியால துடைச்சு, புதுச அதே திசைல வச்சு மூடியாச்சு. தெர்மோஸ்டாட்ல ஒரு குட்டி ஆடுற முள் இருக்கும், காத்து வெளியேற, அது மேல் பக்கம் வர்ற மாதிரி வைங்க. நட்ட அளவா முறுக்குங்க, ஹவுசிங் அலுமினியம், பலத்த காட்டினா ஒடிஞ்சுடும். வேலை செய்றதுக்கு நண்பரோட ஹீட்டட் கராஜ் கிடைச்சது புண்ணியம், வெளிய மைனஸ்ல ரப்பர் ஹோஸ் கட்டை மாதிரி விறைச்சுப் போய் கழட்டவே வராது.

நேரம் பிடிச்சது காத்து எடுக்குறதுதான். கூலன்ட் இறக்கி ஏத்தினா உள்ள காத்து மாட்டிக்கும், அது போய் உக்கார்ற இடம் ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குள்ள கொளகொளன்னு தண்ணி ஓடுற சத்தம் கேக்கும், ஐட்லிங்ல ஹீட்டர் ஆறிப்போகும், ஆக்சிலரேட்டர் குடுத்தா சுடும், இது மூணும் இருந்தா காத்துதான். முன் சக்கரத்த ராம்ப்ல ஏத்தி மூக்கு மேல இருக்குற மாதிரி வச்சு, ஹீட்டர ஃபுல் ஹாட்ல போட்டு, ஃபனல்ல கூலன்ட் நிக்க வச்சு எஞ்சின ஓட விட்டேன், நடுநடுவுல மேல் ஹோஸ கையால அமுக்கி அமுக்கி விட்டா குமிழி குமிழியா வரும். ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவ ஓடி நிக்குற வரைக்கும் விட்டுட்டு, ஆறினப்புறம் லெவல் பாத்து நிரப்பினேன்.

கூலன்ட் பத்தி ஒரு விஷயம். கெட்டியா இருந்தா குளிர் நல்லா தாங்கும்னு நெனச்சு தண்ணி கலக்காம அப்படியே ஊத்துறவங்க இருக்காங்க. தனி எத்திலீன் க்ளைக்கால் மைனஸ் 13 பக்கமே உறைஞ்சுடும். பாதிக்குப் பாதி தண்ணி கலந்தாதான் மைனஸ் 37 தாங்கும், க்ளைக்கால் 60-க்கு தண்ணி 40 கலந்தா மைனஸ் 50 பக்கம் போகும், 70-ஐ தாண்டி அடர்த்தி கூட்டினா திரும்ப மோசமாகும். எட்மண்டனுக்கு 60-40 நல்லது. கடைல சின்ன டெஸ்டர் கிடைக்கும், உறிஞ்சி பாத்தா உறைநிலை காட்டும். எந்த கலர் எந்த வகைங்குறத வண்டி மேனுவல்ல பாத்துக்கோங்க, கலர மட்டும் வச்சு ஒண்ணோட ஒண்ணு கலக்காதீங்க.

இப்ப ரிசல்ட். வெளிய மைனஸ் 25, ஸ்டார்ட் பண்ணி கண்ணாடிய சுரண்டி முடிக்குற நேரம் மட்டும் நிக்க விட்டு உடனே மெதுவா கிளம்பினேன். அஞ்சாறு நிமிஷத்துல கை வச்சா தெரியுற சூடு, பன்னெண்டு நிமிஷம் பக்கம் கூலன்ட் 80-ஐ தொட்டுச்சு. ஹென்டேல ஏறினா ஏறின இடத்துலயே நிக்குது, ஒரு டிகிரி ரெண்டு டிகிரி ஆடுது அவ்வளவுதான். இத்தனைக்கும் செலவு ஒரு தெர்மோஸ்டாட், ஒரு கேஸ்கெட், ஒரு கேன் கூலன்ட். இது தெரியாம நான் ரிமோட் ஸ்டார்ட்டருக்கு விலை விசாரிச்சுக்கிட்டிருந்தேன்.

அடுத்தது ப்ளாக் ஹீட்டர். எட்மண்டன், வினிபெக், சஸ்காட்டூன் பக்கம் புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குற கேள்வி, ஏன் கார் மூக்குலருந்து ப்ளக் தொங்குதுன்னு. எஞ்சின் ப்ளாக்குக்குள்ள ஒரு சின்ன கரண்ட் ஹீட்டர், பெரும்பாலும் 400 வாட்ல இருந்து 600 வாட், பெரிய டீசல் பிக்கப்ல ஆயிரத்துக்கு மேலயும் போகும். ராத்திரி வீட்டு கரண்ட்ல சொருகி வச்சா எஞ்சின் முழுசா உறையாம இருக்கும். இத கண்டுபிடிச்சது அமெரிக்கால வடக்கு டகோட்டா க்ராண்ட் ஃபோர்க்ஸ்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமன்னு ஒருத்தர், எஞ்சின் ஹெட்ல ஒரு போல்ட்டுக்கு பதிலா மாட்டுற ஹீட்டர், 1949-ல பேட்டன்ட் கிடைச்சிருக்கு. குளிர்ல அடிபட்டவன்தான் இதெல்லாம் யோசிப்பான், கலிஃபோர்னியாக்காரனுக்கு தோணுமா.

என் வண்டில ப்ளக் தொங்கிக்கிட்டுதான் இருந்துச்சு, சொருகினா ஒரு மாற்றமும் தெரியல. நல்லா இருந்தா சொருகின கொஞ்ச நேரத்துல எஞ்சின் பக்கம் காது வச்சா மெல்லிசா ஒரு சீறல் கேக்கும், கூலன்ட்ல முங்குற வகைல. எனக்கு ஒரு சத்தமும் இல்ல. பக்கத்து வீட்டுல இருக்குறவர் யாழ்ப்பாணத்துக்காரர், இருபது முப்பது வருஷமா இங்கயே இருக்கார், நான் குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்குறத பாத்துட்டு வந்தார். "தம்பி, ஹீட்டர் பழுதாப்போட்டுதெண்டு புதுசு வாங்கிப்போடாதேங்கோ, முதல்ல வயரை மீற்றர் வச்சுப் பாருங்கோ. எனக்குத் தெரிஞ்சு முக்கால்வாசி வயர்தான் பழுதாறது" அப்படின்னார். "மீட்டர் இருக்குண்ணே, எத்தன ஓம்ஸ் காட்டணும்?"னு கேட்டேன். "உங்கட எத்தினை வாட்ஸ்? கணக்குப் பாத்தாத் தெரியும்தானே"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டார்.

கணக்கு ஈஸிதான். இங்க வோல்டேஜ் 120, அத ஸ்கொயர் பண்ணா 14,400, வாட்டால வகுத்தா ஓம்ஸ். 400 வாட் ஹீட்டருக்கு 36 ஓம்ஸ், 600 வாட்டுக்கு 24. ப்ளக்கோட ரெண்டு தட்டை முள்ளுலயும் மீட்டர வச்சா ஓப்பன் சர்க்யூட் காட்டுச்சு. அப்ப எங்கயோ அறுந்திருக்கு. எஞ்சின் பக்கம் வயர ஹீட்டர்லருந்து பிடுங்கிட்டு ஹீட்டரோட முள்ளுல நேரா வச்சா 37 ஓம்ஸ். அண்ணன் சொன்னதுதான், ஹீட்டர் உயிரோட இருக்கு, வயர் செத்துப்போச்சு. கழட்டின வயர மடக்கிப் பாத்தா ஹீட்டர் கிட்ட இருக்குற முனைல ரப்பர் கருகி வெடிச்சு, உள்ள செம்பு பச்சை பிடிச்சு பொடியா உதிருது. ரோட்டுல போடுற உப்பு பண்ற வேலை. இன்னொரு சோதனையும் பண்ணிடுங்க, ஹீட்டர் முள்ளுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவுல மீட்டர் எதுவுமே காட்டக்கூடாது, காட்டினா உள்ள கரண்ட் லீக், அந்த ஹீட்டர தூக்கிப் போட வேண்டியதுதான். எர்த் முள்ளுக்கும் பாடிக்கும் மட்டும் கனெக்‌ஷன் இருக்கணும்.

புது வயர் மாட்டும்போது முனைல ஈரம் புகாம தடுக்குற டைஎலக்ட்ரிக் க்ரீஸ் தடவி முழுசா அமுக்கி, எக்ஸாஸ்ட் பக்கம் போகாம, ஃபேன்ல மாட்டாம, கேபிள் டைல கட்டி க்ரில் வழியா வெளிய விட்டேன். எக்ஸ்டென்ஷன் கார்டுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. வெளில போடுறதுக்குன்னு இருக்குற மூணு முள் கார்டு, கம்பி தடிமன் 14 கேஜ் இருந்தா நல்லது, குளிர்லயும் வளையுற ரகமா பாத்து வாங்கணும். வீட்டுக்குள்ள உபயோகிக்குற சாதா கார்டு மைனஸ் 30-ல கம்பி மாதிரி விறைச்சு, மடக்கினா மேல் தோல் வெடிச்சுடும், அதுக்கு மேல பனில கிடந்தா கேக்கவே வேணாம்.

ராத்திரி முழுக்க சொருகி வைக்க வேண்டிய அவசியமே கிடையாது, மூணு நாலு மணி நேரத்துக்கு மேல ஹீட்டர் தர்ற சூடும் வெளிய போற சூடும் சமமாகி டெம்பரேச்சர் அதுக்கு மேல ஏறாது. வெளில வைக்குற டைமர் ஒண்ணு வாங்கி விடியக்காலை மூணு மணிக்கு ஆன் ஆகுற மாதிரி வச்சுட்டேன். 400 வாட் மூணு மணி நேரம்னா 1.2 யூனிட், பத்து மணி நேரம் ஓடினா 4 யூனிட், குளிர்காலம் முழுக்க கணக்கு போட்டா டைமர் விலை திரும்ப வந்துடும். டைமர் 15 ஆம்பியர் தாங்குற ரகமா இருக்கணும். மைனஸ் 15-ஐ விட குளிர் கம்மியா இருந்தா நான் சொருகுறதே இல்ல.

கரண்ட் விஷயம்னு சொன்னதும் 2024 ஜனவரி 13 ஞாபகம் வருது. மைனஸ் 40-க்குக் கீழ போன நாள், சாயங்காலம் ஆல்பர்ட்டா முழுக்க எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சு, கரண்ட் பத்தல, ரொட்டேஷன்ல கட் பண்ற நிலைமை வந்துடும், தேவையில்லாதத அணைங்கன்னு எமர்ஜென்சி அலர்ட். அதுல எலக்ட்ரிக் கார் சார்ஜ் பண்றதையும் ப்ளாக் ஹீட்டர் சொருகுறதையும் தள்ளிப்போடுங்கன்னு தனியாவே போட்டிருந்தாங்க. சில நிமிஷத்துலயே டிமாண்ட் இறங்கி கட் இல்லாம தப்பிச்சோம். நம்மூரு மின்வெட்டு பாத்து வளந்தவனுக்கு இது புதுசில்ல, ஆனா மைனஸ் 40-ல கரண்ட் கட்டுனா வீட்டு ஹீட்டர் ஃபேனே ஓடாது, அது வேற கணக்கு. டைமர்காரங்களுக்கு அன்னிக்கு ஒரு கஷ்டமும் இல்ல, எப்படியும் விடியக்காலைலதான ஆன் ஆகும்.

வயர் மாத்தினப்புறம் வெளிய மைனஸ் 28 இருந்த ஒரு காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவிய மட்டும் போட்டு டாங்கிள்ல பாத்தா கூலன்ட் மைனஸ் 3. அதாவது இருபத்தஞ்சு டிகிரி இலவசமா முன்னாடியே ஏறியிருக்கு. ஸ்டார்ட்டர் சுத்துற சத்தமே வேற, இழுத்து இழுத்து சுத்தாம கோடைல மாதிரி டக்குனு பிடிச்சுக்குச்சு, தெரு முனை திரும்பி ரெண்டு மூணு சிக்னல் தாண்டுறதுக்குள்ள வெதுவெதுன்னு காத்து.

இதுக்கு மேல சில்லறை வேலைகள்தான், ஆனா அதுலயும் நல்ல பலன் இருக்கு. ஒரு அட்டைப்பெட்டிய வெட்டி க்ரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல நிக்க வச்சேன், முக்கால்வாசி மூடி கால்வாசி திறந்து. தெர்மோஸ்டாட் சரியா இருந்தாலும் மைனஸ் 30 காத்து எஞ்சின் ரூமுக்குள்ள நூறுல அடிச்சா ப்ளாக்கே ஆறும், அத இது குறைக்கும். முழுசா மூடாதீங்க, மைனஸ் 10-க்கு மேல போச்சுன்னா எடுத்துடுங்க, எடுக்க மறந்தா மலை ஏத்தத்துல ஓவர்ஹீட் ஆகும், டாங்கிள் கண்ணு முன்னாடி இருந்தா பயம் இல்ல. இங்க பிக்கப் ட்ரக்குக்குன்னே பட்டன் வச்ச வினைல் கவர் விக்குறாங்க, அட்டையும் அதே வேலைதான் செய்யுது, பாக்க நல்லாருக்காது அவ்வளவுதான்.

உள்ள ஃபேன ஸ்டார்ட் பண்ண உடனே நாலுல போடுறது வேஸ்ட். எஞ்சின்ல சேர்ற கொஞ்ச சூட்டையும் ஹீட்டர் கோர் வழியா உறிஞ்சி எடுத்துடும், காத்தும் சுடாது எஞ்சினும் சூடாகாது. கண்ணாடி மங்காம இருக்குற அளவுக்கு ஒண்ணுல வச்சுட்டு 45, 50 டிகிரி வந்ததும் ஏத்துங்க. ரீசர்குலேஷன் போட்டா உள்ள காத்தையே திரும்ப திரும்ப சூடாக்கும், சீக்கிரம் சூடாகும், ஆனா நம்ம மூச்சு ஈரத்துல கண்ணாடி உள்பக்கம் பனி கட்டிக்கும், அதனால கண்ணாடிக்கு வெளிக்காத்து, சூடு வந்தப்புறம் ஒரு ரெண்டு நிமிஷம் ரீசர்குலேஷன், அப்படி மாத்தி மாத்தி. ஷூல ஒட்டின பனிய தட்டிட்டு ஏறினாலே பாதி மங்கல் போயிடும். கண்ணாடில சுடுதண்ணி ஊத்துறது மட்டும் வேணவே வேணாம், பட்டுனு விரிசல் விடும்.

சிகரெட் லைட்டர்ல சொருகுற குட்டி ஹீட்டர் விக்குறாங்கல்ல, மூணே நிமிஷத்துல கண்ணாடி பனி உருகும்னு. அந்த சாக்கெட் 12 வோல்ட் 10, 15 ஆம்பியர், 150 வாட் பக்கம்தான் தாங்கும். வீட்டுல முடி காய வைக்குற ட்ரையர் ஆயிரத்து ஐநூறு வாட். மிச்சத்த நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அந்த கரண்ட சீட் ஹீட்டருக்கு குடுத்தா நேரா உடம்புக்கே சூடு வரும், சீட் ஹீட்டர் இல்லாத வண்டிக்கு மேல விரிக்குற ஹீட்டட் குஷன் போட்டா போதும்.

எஞ்சின் ஆயில குளிர்லயும் கெட்டியாகாம ஓடுற 0டபிள்யூ-20 சிந்தெட்டிக்கு மாத்தினேன், மேனுவல்லயும் அதான் போட்டிருக்கு. 0டபிள்யூ ஆயில மைனஸ் 35-ல சுத்த வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க, 5டபிள்யூ-வ மைனஸ் 30-ல. எங்க ஊருக்கு அந்த அஞ்சு டிகிரி முக்கியம். பேட்டரி மேல போட்டிருக்குற சிசிஏ நம்பர், அதாவது குளிர்ல ஸ்டார்ட் பண்ண அது தர்ற கரண்ட், மைனஸ் 18-ல அளந்தது, மைனஸ் 35-ல அத எதிர்பாக்காதீங்க.

புகை விஷயத்துல விளையாட்டு வேணாம். பனி கொட்டின காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பின்னால போய் சைலன்சர் வாய் அடைஞ்சிருக்கான்னு பாருங்க, அடைஞ்சிருந்தா கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளயே வரும், வாசனை இருக்காது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ள வச்சு ஓட விடாதீங்க, வீட்டோட ஒட்டின கராஜ்னா ரிமோட் ஸ்டார்ட்டர் பட்டன் பாக்கெட்ல தெரியாம அமுங்குறதுக்கும் வாய்ப்பு இருக்கு, வீட்டுல கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்க. சாவிய உள்ள விட்டு ஓட விட்டுட்டு வீட்டுக்குள்ள டீ குடிக்கப் போறதும் இங்க ஆபத்து, குளிர் அதிகமான காலைலதான் அப்படி நிக்குற வண்டிய தேடித் தூக்குறாங்க, போலீசே வருஷா வருஷம் எச்சரிக்குறாங்க.

அபார்ட்மென்ட்ல ப்ளக் பாயின்ட் இல்லாதவங்களுக்கு என்ன வழின்னு கேப்பீங்க. தெர்மோஸ்டாட், ஆயில், அட்டை, நல்ல பேட்டரி, இது நாலும் ப்ளக் இல்லாமலே ஆகும். வண்டிய காத்து அடிக்காத சுவர் ஓரமா நிறுத்துங்க, விண்ட் சில், அதான் காத்தால நம்ம உடம்புக்கு கூடுதலாத் தெரியுற குளிர், வண்டிய வெளி டெம்பரேச்சருக்குக் கீழ கொண்டு போகாது, ஆனா அந்த டெம்பரேச்சருக்கு ரொம்ப சீக்கிரம் கொண்டு போயிடும். ஆபீஸ் பார்க்கிங்ல பாயின்ட் இருந்தா சாயங்காலத்துக்கு அத உபயோகிச்சுக்கோங்க, சில இடத்துல கரண்ட் மிச்சம் பிடிக்க ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மாத்தி மாத்திதான் வரும், சொருகின உடனே வேலை செய்யலன்னு வயர சந்தேகப்படாதீங்க.

இறக்கின பழைய கூலன்ட சாக்கடைலயோ பனிலயோ கொட்டாதீங்க, இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கினா செத்துடும். மூடி போட்ட கேன்ல ஊத்தி பேர் எழுதி வச்சா இந்த மாதிரி கழிவ வாங்குற சிட்டி ஈகோ ஸ்டேஷன்ல வாங்கிக்குவாங்க. என்னோடது இன்னும் கராஜ் மூலைலதான் இருக்கு, நண்பர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார், இந்த சனிக்கிழமை கொண்டு போகணும்.